‘ஸ்ப்ளின்டர்’ ஆல்பத்தில் விருந்தாளிக் கிட்டாருக்கு என்ன வேலை?

நவம்பர் 3, மாலை 6.40. பெரம்பூர் வாசகரின் கேள்வி

கேரி நியூமன் என்ற ஆங்கிலேய சிந்தசைசர் இசைக்கலைஞரின் ‘ஸ்ப்ளின்டர்’ ஆல்பத்தை நேற்றுதான் முழுவதுமாகக் கேட்டேன். இருட்டாகவும் கனமாகவும் இருக்கிறது, பிடித்தும் இருக்கிறது. ஆனால் ராபின் ஃபிங்க் விருந்தாளியாக வந்து கிட்டார் வாசித்திருக்கிறார் என்று சொன்னார்கள். பன்னிரண்டு பாடல்களிலும் தேடிவிட்டேன், கிட்டார் தனித்து முழங்குகிற ஒரு சோலோ கூடக் கண்ணில் படவில்லை. பெயருக்காக மட்டும் அழைத்தார்களா? மின்சாரத்தால் ஒலியை உருவாக்குகிற சிந்தசைசர் இசையில் விருந்தாளிக் கிட்டார் வெறும் ஒப்பனைதானே?

நவம்பர் 3, இரவு 10.15

ஒப்பனை அல்ல. சோலோ இல்லாததைக் குறையாகச் சொல்கிறீர்கள், அந்த ஆல்பத்தின் பலமே அதுதான் என்று நான் நினைக்கிறேன். ஏன் என்பதைக் கொஞ்சம் விரிவாகச் சொன்னால்தான் விளங்கும்.

நியூமன் என்றதும் பலருக்கு 1979ஆம் ஆண்டுதான் நினைவுக்கு வரும். அந்த ஒரே ஆண்டில் அவருடைய இரண்டு ஆல்பங்கள் இங்கிலாந்தில் முதலிடத்தைப் பிடித்தன. அவற்றுள் இரண்டாவதான ‘த பிளஷர் பிரின்சிபில்’ ஆல்பத்தில் பேஸ் உண்டு, டிரம்ஸ் உண்டு, ஒரு வயலினும் வியோலாவும் கூட உண்டு, கிட்டார் மட்டும் கிடையாது. ராக் இசைக்குக் கிட்டார்தான் முதுகெலும்பு என்று எல்லோரும் நம்பியிருந்த காலத்தில், கிட்டார் உட்கார வேண்டிய இடம் முழுவதையும் மினிமூக், பாலிமூக் என்ற சிந்தசைசர்களைக் கொண்டு நிரப்பிக் காட்டினார். அப்படிப்பட்டவர் 2013 அக்டோபரில் வெளியிட்ட ஆல்பம் இது. முப்பத்து நான்கு ஆண்டுகள் கழித்து அதே மனிதர் கிட்டாருக்குக் கதவைத் திறந்துவிடுகிறார் என்றால், அது யாருடைய கிட்டார் என்பதைப் பார்க்க வேண்டும்.

ராபின் ஃபிங்க், நைன் இன்ச் நெயில்ஸ் என்ற அமெரிக்க ராக் குழுவின் மேடைகளில் 1994 முதல் வாசித்தவர், இடையில் பல ஆண்டுகள் கன்ஸ் அண்ட் ரோசஸ் குழுவிலும் இருந்தவர். அந்த நைன் இன்ச் நெயில்ஸ் குழுவோ நியூமனைத் தன் முன்னோடிகளில் ஒருவராக வெளிப்படையாகக் கொண்டாடிய குழு. கிட்டாரே இல்லாத அதே 1979 ஆல்பத்திலிருந்து ‘மெட்டல்’ என்ற பாடலை எடுத்து 2000ஆம் ஆண்டில் அவர்கள் மறுபடி பதிவு செய்தார்கள், 2009இல் நியூமனையே தங்கள் மேடைக்கு அழைத்துப் பாட வைத்தார்கள். ஆகவே 2013இல் ஃபிங்க் வந்தது வெளியிலிருந்து ஒரு நட்சத்திரம் வந்தது போன்றதல்ல. ஆசிரியருடைய வீட்டுக்கு மாணவனின் வீட்டிலிருந்து ஒருவர் வந்திருக்கிறார்.

வந்தவர் கூடத்தில் உட்கார்ந்து காப்பிக்குக் காத்திருக்கவில்லை. சில விருந்தாளிகள் செருப்பைக் கழற்றிய கையோடு அடுக்களைக்குள் போய் அரிவாள்மணையை இழுத்துப் போட்டுக்கொண்டு காய் நறுக்கத் தொடங்கிவிடுவார்கள் அல்லவா, அந்த மாதிரி வந்தவர் இவர்.

நவம்பர் 3, இரவு 11.50

தூங்கப் போவதற்கு முன் ஒன்றைச் சேர்க்க வேண்டும். ஸ்ப்ளின்டர் என்றால் சிலாம்பு. மரக்கட்டையைத் தடவும்போது விரலுக்குள் ஏறி, கண்ணுக்குத் தெரியாமல், தொடும்போதெல்லாம் சுருக்கென்று குத்துகிறதே, அதுதான். இந்த ஆல்பத்தில் கிட்டாரை அந்தப் பொருளில் தேடிப் பாருங்கள். கண்ணால் தேடினால் அகப்படாது.

நவம்பர் 4, காலை 7.30

நேற்று இரவு எழுதியதில் ஒரு பெரிய பிழை இருக்கிறது. எழுந்ததும் முதல் வேலையாகத் திருத்துகிறேன்.

முப்பத்து நான்கு ஆண்டுகள் கிட்டாரை ஒதுக்கி வைத்தவர் என்று பொருள்படும்படி எழுதிவிட்டேன். அது தவறு. 1980இல் வந்த ‘டெலிகான்’ ஆல்பத்திலேயே கிட்டார் திரும்பி வந்துவிட்டது. கிட்டார் இல்லாத விரதம் ஒரே ஓர் ஆல்பத்தின் அளவுதான். 1994க்குப் பிறகு அவருடைய இசை கனத்து இருண்டபோது கிட்டாரும் கூடவே கனத்தது.

மேலும் அவர் கிட்டாரை வெறுத்தவரும் அல்ல. 1978இல் டியூப்வே ஆர்மி என்ற தன் குழுவோடு ஒரு பங்க் ராக் ஆல்பத்தைப் பதிவு செய்வதற்காகக் கிட்டாரும் கையுமாகத்தான் ஸ்டுடியோவுக்குப் போனார். அங்கே யாரோ விட்டுச் சென்றிருந்த மினிமூக் ஒன்று இருந்தது. ஒரு விசையை அழுத்திப் பார்த்தார். முன்பு வாசித்தவர் திருகிவிட்டுப் போன அமைப்பு அப்படியே இருந்ததால், அறையே அதிரும்படியான ஓர் ஒலி வந்தது. அந்தக் குமிழ்கள் வேறு இடத்தில் நின்றிருந்தால் சப்பென்ற ஒலி வந்திருக்கும், அவரும் தன் பாட்டுக்குக் கிட்டாரை வாசித்துவிட்டுப் போயிருப்பார் என்று அவரே பல பேட்டிகளில் சொல்லியிருக்கிறார்.

இந்தத் திருத்தம் என் வாதத்தைக் குலைக்கவில்லை, இன்னும் கூர்மையாக்குகிறது. நியூமன் கிட்டாரை விரட்டியவர் அல்லர், கிட்டார் செய்கிற வேலையைச் சிந்தசைசரால் செய்ய முடியுமா என்று சோதித்துப் பார்த்தவர். மினிமூக்கின் ஒலியைக் கிட்டார் பெடல்கள் வழியாகச் செலுத்தியவர். அப்படிப்பட்டவரின் ஆல்பத்துக்கு வருகிற கிட்டார்க்காரர், அதற்கு எதிர்த் திசையிலிருந்து அதே எல்லைக் கோட்டுக்கு வந்தாக வேண்டும்.

நவம்பர் 5, இரவு 9.05

“நீங்கள் கீபோர்டு வாசிப்பவர், அதனால் சிந்தசைசருக்குப் பரிந்து பேசுகிறீர்கள்” என்று தாம்பரம் நண்பர் எழுதியிருக்கிறார். பரிந்து பேசவில்லை, கிட்டாரின் அருமையைக் கீபோர்டுக்காரன்தான் நன்றாக அறிவான்.

பதினெட்டு ஆண்டுகள் மெல்லிசைக் குழுக்களில் கீபோர்டு வாசித்தேன். திருமண வரவேற்பு, கோயில் திருவிழா, சில சமயம் கல்லூரி விழா. கிட்டார் வாசிப்பவர் வராத நாளில் அந்தப் பொறுப்பும் கீபோர்டுக்காரன் தலையில்தான் விழும். மயிலாப்பூரில் ஒரு மண்டபத்தில் வரவேற்பு, எங்கள் கிட்டார்க்காரருக்குக் காய்ச்சல். கீபோர்டில் கரகரப்பான கிட்டார் ஒலியைப் போலி செய்கிற ‘டிஸ்டார்ஷன் கிட்டார்’ என்ற பேட்ச் இருக்கிறது, வாசித்துச் சமாளித்துவிடலாம் என்று எண்ணினேன். முதல் பாட்டின் இடையிசையில் கிட்டார் ஒரு ஸ்வரத்திலிருந்து மேலே இழுத்து, அங்கேயே நின்று, பிறகு மெதுவாக இறங்கும். கீபோர்டின் இடப்பக்கத்தில் இருக்கிற பிட்ச் வீலைத் தள்ளி மேலே போனேன். இறங்கும்போது விரல் ஓர் இழை தளர்ந்தது, அவ்வளவுதான், சக்கரத்துக்கு அடியில் இருக்கிற ஸ்பிரிங் அதைப் படக்கென்று நடுவுக்கு இழுத்துவிட்டது. மேலே போனது நான், கீழே இறங்கியது ஸ்பிரிங். கூட்டத்தில் யாரும் கவனித்திருக்க மாட்டார்கள். தபலா வாசித்தவர் மட்டும் என்னைத் திரும்பிப் பார்த்தார்.

அன்றிலிருந்து எனக்குத் தெரிந்துபோயிற்று. கிட்டாரில் தந்தியை இழுக்கிற விரலுக்கு எதிராகத் தந்தி தள்ளுகிறது. மேலே போவதற்கும் ஒரு வலு வேண்டும், அங்கே நிற்பதற்கும் வலு வேண்டும், இறங்கும்போது ஒவ்வொரு நூலிழையும் அந்த விரலின் தீர்மானம். வீணையில் கமகம் பிடிக்கிறவர்களைக் கேட்டால் இதை என்னைவிட நன்றாகச் சொல்வார்கள்.

இப்போது ‘ஐ ஆம் டஸ்ட்’ பாடலைக் கேளுங்கள், ஆல்பத்தின் முதல் பாடல் அதுதான். பல்லவி வெடிக்கிற இடத்தில் ஒரு சுவர் போன்ற ஒலி எழுகிறது. அந்தச் சுவருக்குள் ஸ்ருதி சற்றே அசைந்து கொடுக்கிற ஏதோ ஒன்று இருக்கிறது. சிந்தசைசர் மட்டுமே போட்ட சுவராக இருந்தால் அது கண்ணாடி போல நின்றிருக்கும். இதில் உயிருள்ள ஒன்றின் மூச்சு தெரிகிறது.

நவம்பர் 6, பிற்பகல் 1.20

பெரம்பூர் வாசகர் மறுபடியும்: “சிந்த் எது, கிட்டார் எது என்றே பிரிக்க முடியாத அளவுக்கு இரண்டும் எப்படி ஒன்றாகும்? ஒன்று தந்தி, ஒன்று மின்சாரம்.”

மின்கிட்டாரில் நாம் கேட்பது தந்தியின் ஒலி அல்ல, தந்தி அதிர்வதால் பிக்கப்பின் காந்தச் சுருளில் பிறக்கிற மின்னோட்டத்தின் ஒலி. அதை டிஸ்டார்ஷன் பெடல் வழியாக அனுப்பினால் அலையின் உச்சியும் அடியும் வெட்டுப்பட்டுத் தட்டையாகிவிடுகின்றன. அப்படி வெட்டுப்படும்போது முன்பு இல்லாத அளவுக்கு மேல் ஸ்வரங்கள், அதாவது மூல ஸ்வரத்தின் மூன்று மடங்கு, ஐந்து மடங்கு, ஏழு மடங்கு அதிர்வுகள், கூட்டமாக வந்து சேருகின்றன. அலையின் வடிவம் சதுரத்தை நெருங்குகிறது. மினிமூக் போன்ற கருவியோ தொடங்குவதே அங்கிருந்துதான். அதில் அலையை உண்டாக்குகிற ஆசிலேட்டர்கள் சதுர அலையையும், எல்லா மடங்குகளும் நிறைந்த ரம்பப்பல் அலையையும் நேரடியாகக் கொடுத்துவிடும், பிறகு ஃபில்டர் அவற்றைச் செதுக்கிக் குறைக்கும். கிட்டார் சேர்த்துச் சேர்த்துப் போகிற இடத்துக்குச் சிந்தசைசர் குறைத்துக் குறைத்து வந்து சேருகிறது.

இன்னொன்று, டிஸ்டார்ஷன் தந்தியின் ஆயுளை நீட்டிவிடும். உச்சியை வெட்டுவதால், தந்தி தளர்ந்து அடங்கிக்கொண்டிருந்தாலும் வெளியே வருகிற ஒலியின் அளவு வெகுநேரம் குறையாமல் நிற்கும். நம் ஊரிலேயே இதற்கு நெருக்கமான ஓர் எடுத்துக்காட்டு உண்டு. மாண்டலினில் மீட்டிய ஸ்வரம் சட்டென்று இறந்துவிடும் என்பதால் அதில் கர்நாடக இசையின் கமகங்களைக் கொண்டுவர முடியாது என்று நினைத்திருந்தார்கள். யு. சீனிவாஸ் மின்மாண்டலினை எடுத்து, இரட்டைத் தந்திகளை நீக்கி, ஐந்து ஒற்றைத் தந்திகளை வைத்துக்கொண்டு வாசித்தார். மின்சாரம் கொடுத்த நீளத்தில் கமகம் குடியேறியது.

ஆக, டிஸ்டார்ஷன் போட்ட கிட்டாருக்கும் சிந்தசைசருக்கும் மிஞ்சுகிற வேறுபாடு இரண்டுதான். மீட்டுகிற அந்த முதல் கணத்தின் ‘டிக்’ என்ற ஒலி ஒன்று. விரலின் அசைவு மற்றொன்று. முதலாவதை மறைத்துவிட்டு இரண்டாவதை மட்டும் விட்டுவைத்தால், கேட்கிறவருக்கு அது எந்தக் கருவி என்றே தெரியாது, ஆனால் ஒரு கை அங்கே இருக்கிறது என்பது மட்டும் தெரிந்துகொண்டே இருக்கும்.

நவம்பர் 7, காலை 8.10

இது ‘ஸ்ப்ளின்டர்’ கண்டுபிடித்த வித்தை அல்ல என்று தாம்பரம் நண்பர் எழுதியிருப்பது சரி. டேவிட் போவி 1977இல் வெளியிட்ட ‘ஹீரோஸ்’ பாடலில் கிட்டார்க் கலைஞர் ராபர்ட் ஃபிரிப் விருந்தாளியாக வந்து இதைத்தான் செய்தார். ஆனால் அதில் அவர் தந்தியை விடாமல் அதிரவைக்கிற ஈ-போ என்ற கைக்கருவியைப் பயன்படுத்தினார் என்று நண்பர் சொல்வது சரியல்ல, பலரும் அப்படித்தான் நினைத்துக்கொண்டிருக்கிறார்கள். ஆம்பின் முன்னால் கிட்டாரோடு நின்று, ஃபீட்பேக், அதாவது ஆம்பின் ஒலி மறுபடி கிட்டாருக்குள் ஏறி எழுப்புகிற ஊளை, எந்தத் தூரத்தில் எந்த ஸ்வரமாக எழுகிறது என்று கண்டுபிடித்து, தரையில் நாடா ஒட்டி அடையாளம் வைத்துக்கொண்டு, ஸ்வரத்துக்கு ஸ்வரம் இடம் மாறி நின்று வாசித்தார். அந்த ஒலியை இசைக்கலைஞர் பிரையன் ஈனோ தன் சிந்தசைசர் வழியாகச் செலுத்திச் செதுக்கினார். கிட்டார் நேராகவே சிந்தசைசருக்குள் நுழைந்து வெளியே வந்தது.

மேடையில் நின்றவர்களுக்கு ஃபீட்பேக் என்றாலே வயிற்றைக் கலக்கும். மைக் ஊளையிட்டால் மிக்சரை நோக்கி ஓடுவதுதான் எங்கள் பழக்கம். அதே ஊளையை அடி அளந்து ராகமாக்கியிருக்கிறார் என்பதை முதலில் படித்தபோது வெகுநேரம் அந்தப் பக்கத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

1994இல் நைன் இன்ச் நெயில்ஸின் ‘த டவுன்வர்ட் ஸ்பைரல்’ ஆல்பத்துக்குக் கிட்டார் வாசிக்க ஏட்ரியன் பெலூ வந்தார். அங்கும் கிட்டார், கிட்டார் போல ஒலிப்பதில்லை. இந்த வரிசையில்தான் நான் ஃபிங்க்கை வைக்கிறேன்.

நவம்பர் 9, இரவு 10.40

இதை நம் கச்சேரி மொழியில் சொல்ல முடியுமா என்று இரண்டு நாளாக யோசித்துக்கொண்டிருந்தேன். ‘ஸ்ப்ளின்டர்’ ஆல்பத்தின் கிட்டார், பக்கவாத்தியம். பாடுகிறவரின் நிழலாகத் தொடர்ந்து, அவர் விட்ட இடத்தை நிரப்பி, அவரை மீறாமல் இருப்பது. டிசம்பர் சீசனில் நல்ல வயலின் பக்கவாத்தியத்தைக் கேட்டவர்களுக்கு இது உடனே புரியும். பாடுகிறவர் ஒரு பிடியை முடிப்பதற்குள் வயலின் அதன் வாலைப் பிடித்துக்கொண்டிருக்கும்.

நவம்பர் 10, காலை 6.55

மயிலாப்பூரிலிருந்து ஒரு பெரியவர் எழுதியிருக்கிறார். நான் சொன்ன ஒப்புமை பொருந்தாது என்கிறார், படித்ததும் ஒப்புக்கொண்டேன். பக்கவாத்தியத்துக்குக் கச்சேரியில் தனக்கென்று இடம் உண்டு. ஆலாபனையில் வயலினுக்கு ஒரு முறை வரும், நிரவலிலும் கல்பனாஸ்வரத்திலும் வரும், மிருதங்கத்துக்குத் தனி ஆவர்த்தனமே உண்டு. இந்த ஆல்பத்திலோ கிட்டாருக்கு ஒரு முறை கூட வருவதில்லை, பெரம்பூர் வாசகரின் குறையே அதுதானே என்று கேட்கிறார்.

“ஒத்து என்று சொல்லுங்கள்” என்றும் எழுதியிருக்கிறார். நாகஸ்வரக் கச்சேரிகளில் முன்பெல்லாம் ஒருவர் ஒத்து ஊதுவார், ஸ்ருதியை மட்டும் பிடித்துக்கொண்டு. இன்று பெரும்பாலும் ஸ்ருதிப் பெட்டி அந்த இடத்தைப் பிடித்துக்கொண்டது. ஒத்தும் நாகஸ்வரமும் ஒரே குடும்பம், அதனால் ஒலி ஒன்றில் ஒன்று கரைந்துவிடும். ஐயா, நன்றி. இதை ஒரு நாள் வைத்திருந்து யோசிக்கிறேன்.

நவம்பர் 11, இரவு 9.30

ஒத்தும் முழுவதாகப் பொருந்தவில்லை. ஒத்து நகராது. இந்தக் கிட்டாரோ சிந்தசைசர் போகிற வழியெல்லாம் கூடவே போகிறது. ‘ஹியர் இன் த பிளாக்’ பாடலில் நியூமன் காதோடு கிசுகிசுக்கிறார், திடீரென்று தந்திக்குழு இசையும் இரைச்சலும் சேர்ந்து பாறை போல விழுகின்றன, மறுகணம் அமைதி, மறுபடியும் கிசுகிசுப்பு. விழுகிற அந்தப் பாறையில் எல்லாக் கருவிகளும் ஒரே கல்லாக இறுகியிருக்கின்றன.

அப்படியென்றால் இரட்டை நாயனம். திருவீழிமிழலைச் சகோதரர்கள் பெயர் பெற்றது அதில்தான். இரண்டு நாகஸ்வரங்கள், ஒரே பிடி, ஒரே மூச்சு. ஊதுகிறவர்களைப் பார்த்தால்தான் இருவர் என்று தெரியும், கண்ணை மூடினால் ஒரு பெரிய நாயனம் மட்டும்தான். ஆனாலும் ஒற்றை நாயனத்தில் வராத ஒரு கனம் அதில் இருக்கும், ஏனென்றால் இரண்டு பேருடைய ஸ்ருதியும் ஒரு மயிரிழை விலகி விலகிச் சேருகிறது. ‘ஸ்ப்ளின்டர்’ ஆல்பத்தின் சிந்தசைசரும் கிட்டாரும் இரட்டை நாயனம். இந்த முடிவிலிருந்து நான் இறங்குவதாக இல்லை.

நவம்பர் 13, இரவு 11.15

மழை. எங்கள் தெருவில் மாலை ஆறு மணிக்குப் போன மின்சாரம் பத்தரைக்குத்தான் வந்தது. கைப்பேசியில் மிச்சமிருந்த சார்ஜில் ஹெட்போனைப் போட்டுக்கொண்டு ஆல்பத்தை மறுபடி முதலிலிருந்து கேட்டேன். கருவிகளைப் பற்றியே பேசிக்கொண்டிருக்கிறோம், இந்த ஆல்பம் எதைப் பற்றியது என்று ஒருவரும் எழுதவில்லையே என்று தோன்றிற்று.

ஆல்பத்தின் துணைப்பெயர் ‘சாங்ஸ் ஃப்ரம் எ புரோக்கன் மைண்ட்’, உடைந்த மனத்திலிருந்து வந்த பாடல்கள். அது உண்மையாகவே உடைந்திருந்த காலம். ஐம்பது வயதை எட்டிய பிறகு நியூமனுக்கு மன அழுத்த நோய் இருப்பதாக மருத்துவர்கள் கண்டறிந்தார்கள், மாத்திரைகள் எடுத்துக்கொண்டார், இல்லறமும் ஆட்டம் கண்டது. இதையெல்லாம் அவரே பேட்டிகளில் ஒளிக்காமல் பேசியிருக்கிறார். 2006இல் வந்த ‘ஜாக்ட்’ ஆல்பத்துக்கும் இதற்கும் இடையே ஏழு ஆண்டுகள். நடுவில் 2011இல் ‘டெட் சன் ரைசிங்’ வந்தது. ‘லாஸ்ட்’ என்ற பாடல், மனைவியைப் பிரிந்தால் வாழ்க்கை எப்படியிருக்கும் என்று எண்ணிப் பார்த்து எழுதியது. ஆல்பத்தின் நடுவில் எல்லா இரைச்சலும் விலகி, அடங்கிய குரலில் வருகிறது அந்தப் பாடல்.

அப்பா இறந்த ஆண்டு நான் கீபோர்டின் உறையைக் கழற்றவே இல்லை. குழுவில் இருந்தவர்கள் அழைத்து அழைத்துச் சலித்துப் போனார்கள். எட்டு மாதங்கள் கழித்து ஒரு நாள் உறையின் மேல் படிந்திருந்த தூசியில் பக்கத்து வீட்டுக் குழந்தை விரலால் பூனை வரைந்திருந்ததைப் பார்த்துத்தான் கழற்றினேன். வாசிக்காத அந்த மாதங்களில் நான் கேட்டது மிகக் கொஞ்சம், அதில் ‘லாஸ்ட்’ ஒன்று. அந்தப் பாடல் ஆறுதல் சொல்வதில்லை. பக்கத்தில் வந்து உட்கார்ந்துகொள்கிறது.

இந்த மாதிரிப் பாடல்களுக்கு நடுவே ஒருவர் எழுந்து நின்று கிட்டாரில் தன் திறமையைக் காட்டினால் எப்படி இருக்கும்? சாவு வீட்டில் உரக்கப் பேசுவது போல இருக்கும். ஃபிங்க்குக்கு அது தெரிந்திருக்கிறது.

நவம்பர் 14, பகல் 12.05

நேற்று எழுதியதை இன்று படித்தேன். ஒரு சொல்லையும் மாற்றவில்லை.

நவம்பர் 16, மாலை 5.45

“குறையே இல்லாத ஆல்பமா?” என்று கேட்டவருக்கு. உண்டு. தயாரிப்பாளர் ஏட் ஃபென்டன் எல்லாப் பல்லவிகளையும் ஒரே உச்சத்துக்கு ஏற்றிவிடுகிறார். மெல்லத் தொடங்கி இடி விழுவது போலப் பல்லவி வருகிற அமைப்பு முதல் மூன்று பாடல்களில் சிலிர்க்க வைக்கிறது, ஆறாவது ஏழாவது முறை வரும்போது இடி எப்போது விழும் என்று முன்கூட்டியே தெரிந்துவிடுகிறது. முழு ஆல்பத்தையும் ஒரே அமர்வில் கேட்டால் காது களைத்துப் போகிறது. நான் ‘லாஸ்ட்’ முடிந்ததும் கொஞ்சம் நிறுத்திவிட்டுத் தண்ணீர் குடித்துவிட்டுத்தான் ‘லவ் ஹர்ட் ப்ளீட்’ பாடலுக்குப் போவேன்.

பல வகைகளைக் கலந்த ஆல்பம் என்று இதைச் சொல்கிறார்கள். இயந்திர இரைச்சல் கலந்த இண்டஸ்ட்ரியல் ராக் இருக்கிறது, நடனக்கூடத்துத் தாளம் இருக்கிறது, திரைப்படப் பின்னணி போன்ற தந்தி இசை இருக்கிறது, பியானோ இருக்கிறது. ஆனால் கலவை என்பது எல்லாவற்றையும் ஒரே பாத்திரத்தில் கொட்டுவதால் வந்துவிடாது. ‘தி காலிங்’ பாடலில் தந்திக்குழுவும் எலக்ட்ரானிக் ஒலியும் ஒன்றையொன்று தாங்கிக்கொள்கின்றன, அது கலவை. ‘லவ் ஹர்ட் ப்ளீட்’ பாடலில் நடனத் தாளம் வந்து நிற்கிறது, மற்றவை அதற்கு இடம் விட்டு ஒதுங்கிக்கொள்கின்றன, அதை நான் கலவை என்று சொல்ல மாட்டேன். ஆனாலும் இங்கிலாந்தில் முப்பது ஆண்டுகளுக்குப் பிறகு அவரை முதல் இருபது இடங்களுக்குள் கொண்டுவந்தது இந்த ஆல்பம்தான். மக்கள் இந்த இருட்டுக்குச் செவிகொடுத்தார்கள் என்பதில் எனக்கு மிகுந்த மகிழ்ச்சி.

நவம்பர் 17, இரவு 8.50

ஆறாம் தேதி எழுதியதை இன்று செய்தே பார்த்துவிட்டோம். சித்தப்பா மகன் வில்லிவாக்கத்திலிருந்து தன் மின்கிட்டாரையும் ஒரு டிஸ்டார்ஷன் பெடலையும் சிறிய ஆம்பையும் எடுத்துக்கொண்டு வந்தான். அம்மா உள் அறையில் படுத்திருந்தாள், எங்களைப் பார்க்க முடியாது, கேட்க மட்டும் முடியும்.

முதலில் தம்பி சாதாரணமாக மீட்டினான். “கிட்டாரு” என்று உள்ளேயிருந்து குரல் வந்தது. அடுத்து நான் கீபோர்டில் ரம்பப்பல் அலையை வைத்து அதே ஸ்வரத்தை வாசித்தேன். “உன் பொட்டி” என்றாள். மூன்றாவதாக, தம்பி சுண்டு விரலைக் கிட்டாரின் வால்யூம் குமிழில் வைத்துக்கொண்டு, அதை முழுவதும் மூடிவிட்டு மீட்டினான். மீட்டிய ‘டிக்’ யாருக்கும் கேட்கவில்லை. உடனே குமிழை மெல்லத் திறந்தான். ஒலி எங்கிருந்தோ கிளம்பி, வீங்கி, அறையை நிரப்பியது. அதன் மேல் நான் ஓர் ஸ்தாயி கீழே அதே ஸ்வரத்தைச் சேர்த்தேன். தம்பி இடது கை விரலால் தந்தியைக் கொஞ்சம், மிகக் கொஞ்சம் இழுத்தான். இரண்டு ஒலிகளும் உரசி அலை அலையாக எழுந்து மறுபடி ஒன்றாயின.

உள்ளே வெகுநேரம் சத்தமில்லை. பிறகு, “என்னடா அது, சங்கா?” என்று அம்மா கேட்டாள்.

பெரம்பூர் வாசகரே, உங்களிடம் கிட்டார் இருந்தால் இதைச் செய்து பாருங்கள். குமிழைத் திறக்கிற வேகம்தான் முக்கியம், அவசரப்பட்டால் ‘டிக்’ வெளியே வந்துவிடும்.

நவம்பர் 18, காலை 6.20

இன்னும் ஒன்று, கடைசிப் பாடலைப் பற்றி ஒருவரும் கேட்கவில்லை. ‘மை லாஸ்ட் டே’. பாட்டு முடிந்த பிறகும் இசை முடிவதில்லை, குரல் போய்விட்ட பின் கருவிகள் மட்டும் நிதானமாக நடந்துகொண்டே இருக்கின்றன. நேற்று தம்பி கிளம்பியதும் ஆம்பை அணைக்காமல், அதன் முன்னால் தரையில் உட்கார்ந்து அந்தப் பகுதியைக் கேட்டேன். ஆம்ப் லேசாக ரீங்காரமிட்டுக்கொண்டிருந்தது. பாடல் தேய்ந்து நின்ற பிறகும் அந்த ரீங்காரம் இருந்தது, எழுந்து போய் சுவிட்சை அணைக்க எனக்குக் கொஞ்ச நேரம் ஆயிற்று.